இரண்டாம் நம்பர் பட்டன்

அத்தியாயம் 6

அந்த நாற்காலியில் மறுபடியும் உட்காரச் சொன்னார் சம்பத். நளினி உட்கார்ந்தாள். எழுந்திரு என்றால் எழுந்துகொள்வாள். சாப்பிடு என்றால் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெயபிரகாஷ் இறந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படி ஆகிவிட்டிருந்தது. யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வோர் இடமாக வைப்பதுபோல இருந்தது. வைத்த இடத்தில் இருந்தாள்.

சித்தூருக்கு வெளியே, புத்தூர் போகிற சாலையில் இருக்கும் மாம்பழக் கூழ் தொழிற்சாலை அது. மாடியில் கண்ணாடி வைத்த சின்ன அறை. அதில் உட்கார்ந்து மூன்று கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் நளினியின் வேலையாக இருந்தது. ஒன்று, கீழே கூழ் காய்ச்சும் டேங்குகளுக்கு நீராவி விடுவது. இன்னொன்று, மாங்காய் லாரிகளை எடை போடும் காட்டா. மூன்றாவது குளிர் அறைக்கானது. மூன்றுக்கும் சேர்த்து மேஜைமேல் ஒரே ஸ்கிரீன், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி. முதல் பட்டனை அமுக்கினால் ஸ்கிரீனில் நீராவி வரும், கீபோர்டும் அதன் பக்கம் போய்விடும். இரண்டாவதை அமுக்கினால் காட்டா. மூன்றாவதை அமுக்கினால் குளிர் அறை.

போன மாதம் ஒரு காலை, ஃபிட்டர் ஜெயபிரகாஷ் டேங்குக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது நீராவி திறந்துகொண்டது. திருப்பதியில் தீக்காய வார்டில் சில நாள் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். நீராவியைத் திறந்த கம்ப்யூட்டரில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது நளினியின் பெயர். போலீஸ் கேட்டபோது அவள் மறுக்கவில்லை. நான்தான் அமுக்கினேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் அவர்களும் எதையும் தேடவில்லை.

தேடியது அவளுடைய நைனா வெங்கடசாமிதான். நகரிக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிற மனிதர். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு காரணத்துக்கு அவர் எந்த ஆபீஸ் படியும் ஏறியதில்லை. அவர் திருப்பதிக்குப் பஸ் ஏறி, துப்பறியும் சம்பத்தின் ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். என் பொண்ணு இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சைக்கூட மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவாள், அவள் பார்க்காமல் அமுக்கினாள் என்பதை நான் நம்பமாட்டேன் என்றார். மாப்பிள்ளை விசாரணையும் காணாமல் போனவர்களைத் தேடுவதுமாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்த சம்பத், இரும்பையும் நீராவியையும் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்று சொல்லிப் பார்த்தார். வெங்கடசாமி எழுந்திருக்கவில்லை.

சென்னையில் இருக்கும் முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு இப்போது சம்பத் வந்திருந்தார். கூடவே உதவியாளர் தாட்சாயணி. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்து, வருகிறவர்களிடம் வாய் கொடுத்து வேலையை விட்டவள்.

வாசலில் மேனேஜர் நரசிம்மன் நின்றுகொண்டிருந்தார். நளினியைப் பார்த்ததும், "ஏமம்மா, மள்ளி எந்துக்கு வச்சாவு?" என்று தெலுங்கில் கேட்டார். மறுபடி ஏன் வந்தாய் என்று கேட்டாரே தவிர, குரலில் கோபமில்லை. வீட்டில் ஓய்வெடுக்க வேண்டிய பிள்ளையை இழுத்து வந்திருக்கிறார்களே என்கிற அக்கறைதான் இருந்தது. 

தாட்சாயணி ஸ்விட்ச் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு கீபோர்டு, மூணு கம்ப்யூட்டர். ஒரே சமையக்காரர் ஒரே முகூர்த்தத்துல மூணு கல்யாணத்துக்கு ஒத்துக்கினா மாதிரி இருக்குது சார்."

சம்பத் சிரிக்கவில்லை. அன்றைக்குச் செய்ததை அப்படியே செய்யச் சொன்னார் நளினியிடம். அவள் இரண்டாம் பட்டனை அமுக்கினாள். பெட்டி கிணுக்கென்றது. காட்டாவின் வெள்ளைத் திரை வந்தது. லாரி நம்பரை அடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"அன்னிக்கும் இப்டியே விழுந்ததா?"

இல்லை என்றாள். அன்றைக்கு எழுத்தே விழவில்லை, மவுஸ் அம்பும் நகரவில்லை. கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று நினைத்து நம்பரை இன்னொரு தரம் அடித்தாள், என்டரைத் தட்டினாள். அசையவில்லை. மறுபடி தட்டினாள், மறுபடி தட்டினாள். அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. இதை அவள் போலீஸிடம் சொன்னபோது, அவசரத்தில் முதல் பட்டனை அமுக்கியிருப்பாய் என்றார்கள். இருக்கலாம் என்று அவளுக்கும் தோன்றியது. அதற்கப்புறம் அது அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

சம்பத் குனிந்து முதல் பட்டனை அமுக்கினார். திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் குழாய்கள் விரிந்தன. நீராவி ஸ்கிரீன்.

"என்டர் தட்டும்போது உன் கண்ணு முன்னாடி இருந்தது இதா, வெள்ளையா?"

"வெள்ள சார்."

"நல்லா நெனைச்சி சொல்லு."

"வெள்ளதான். லாரி நம்பர் கட்டம் காலியா இருந்துது. அதையேதான் பாத்துக்கினு இருந்தேன்."

அப்படியென்றால் கண் காட்டாவில் இருந்திருக்கிறது, கைமட்டும் நீராவிக்குப் போயிருக்கிறது என்றார் சம்பத். கண்ணையும் கையையும் யாரோ தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். சொல்லிவிட்டுத் தாட்சாயணியைப் பார்த்தார். அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தாள்.

இரண்டு கால்கள் மட்டும் மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நளினி அந்தக் கால்களைப் பார்த்தாள். அவளுக்குள் எங்கேயோ ஆழத்தில் ஒன்று அசைந்தது. அதை வெளியே எடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இங்க இருக்கிற தூசியில வேர்க்கடலை போட்டா வௌஞ்சிடும் சார்," என்றது அடியிலிருந்து குரல். "ஆனா ஒண்ணு. பொட்டிக்குப் பின்னாடி சொருகியிருக்கிற வயருங்க எல்லாத்துலயும் தூசி கம்பளி மாதிரி போத்திக்கினு இருக்குது. ரெண்டே ரெண்டு வயருதான் சுத்தமா இருக்குது. வெரல் பட்ட தடம்."

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் பெட்டிக்கு இரண்டு வயர்கள் வருகின்றன என்று தாட்சாயணி அடியிலிருந்தபடியே விளக்கினாள். ஒன்று படத்துக்கு, ஒன்று கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சேர்த்து. சுத்தமாக இருந்த இரண்டும் கீபோர்டு வயர்கள். ஒன்று நீராவி கம்ப்யூட்டருடையது, மற்றது காட்டாவுடையது. இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினாள். பாய்லரை அணைத்திருக்கிறார்களா என்று நரசிம்மனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, நளினியை மறுபடி லாரி நம்பரை அடிக்கச் சொன்னார் சம்பத்.

இரண்டாம் பட்டன். வெள்ளைத் திரை. அடித்தாள். ஒன்றும் விழவில்லை. அம்பு நகரவில்லை. அன்றைக்கு இருந்த அதே திரை, அதே வெறுமை.

இப்போது முதல் பட்டனை அமுக்கு என்றார். குழாய்ப் படம் வந்தது. அதன் மூலையில், புதிதாகக் காய்ச்சப்போகும் பேட்சுக்குப் பெயர் கேட்கும் கட்டத்தில், அவள் அடித்த லாரி நம்பர் முழுசாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டத்தில் பெயரைப் போட்டு ஒரு என்டர் தட்டினால் ஆரம்பிக்கலாமா என்று கேட்கும். இன்னொரு என்டர் தட்டினால் நீராவி திறந்துவிடும்.

நளினி கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று புரிந்தது. சந்தோஷம் வரவில்லை. வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல இருந்தது.

நரசிம்மன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அலா ஜரிகிந்தனி ருஜுவு ஏதி சார்?" என்றார். அப்படி நடந்திருக்கலாம் என்பது வேறு, அப்படித்தான் நடந்தது என்பதற்கு ருஜு எங்கே. வயர்கள் இன்றைக்கு ஒழுங்காகத்தானே இருந்தன. சம்பத் அன்றைய பேட்சின் பெயரைக் காட்டச் சொன்னார். பாதியில் நின்ற பேட்சைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவது வழக்கம், அன்றைக்கே அழித்தாகிவிட்டது என்றார் நரசிம்மன். போலீஸிடம் இருப்பது நளினியின் பெயர் தெரிகிற ஒரு போட்டோ மட்டும்தான்.

பேட்ச் ஆரம்பித்தால் வேறு எங்காவது எதுவாவது நடக்குமா என்று சம்பத் நளினியைக் கேட்டார். பேக்கிங் ஹாலில் இருக்கும் பிரின்டர், டிரம்களில் ஒட்டுவதற்குப் பேட்ச் பெயரோடு ஸ்டிக்கர் அடிக்கும் என்றாள் அவள்.

கீழே இறங்கினார்கள். டேங்குகள் வரிசையைத் தாண்டித்தான் போகவேண்டும். நளினி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தாட்சாயணி ஓரிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பைப்பெல்லாம் தாத்தா. இந்த வால்வு மட்டும் புது மாப்ள."

துருவேறிய நீராவிக் குழாயில், டேங்குக்குப் பக்கத்தில், கையால் திருகி மூடுகிற வால்வு ஒன்று பளபளவென்றிருந்தது. இது எப்போது போட்டது என்று சம்பத் கேட்டதற்கு, பராமரிப்பு வேலை என்று மட்டும் சொன்னார் நரசிம்மன். சம்பத் தன் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

பேக்கிங் ஹாலில் வேலை நடக்கவில்லை. ஜெயம்மா என்கிற பெண் மட்டும் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிரின்டரில் பழைய தாள் எதுவும் இல்லை. குப்பைக்கூடை காலி. விபத்து நடந்த அன்று வந்த ஸ்டிக்கர்கள் என்ன ஆயின என்று கேட்டதற்கு, அன்றைக்கு டிரம்மே வரவில்லை, ஸ்டிக்கர் வந்ததா என்றே ஞாபகமில்லை என்றாள் அவள். வந்த வழி அடைபட்டது. தாட்சாயணி தாகத்துக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். மூலையில், குழாய் வைத்த நீல நிற டிரம்மில் குடிதண்ணீர் இருந்தது. டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"சார், இந்த ஊர்ல தண்ணி டிரம்முக்குக்கூட ஆர்டிஓ ஆபீஸ்ல நம்பர் குடுத்திருக்காங்க."

டிரம்மின் விரிசலை அடைக்க நாலைந்து ஸ்டிக்கர்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். மேலே இருந்தது பழையதில்லை. மாங்காய்ப் படம், தொழிற்சாலையின் பெயர், அதன்கீழ் பேட்ச் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் ஏபி 39 டிகே 4417. அதே நம்பர் இரண்டு தரம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

நளினி டிரம் பக்கம் வரவேயில்லை. இருந்த இடத்திலிருந்தே அந்த நம்பரைச் சொன்னாள். அன்றைக்கு ஹாரன் அடித்த லாரி. இரண்டு தரம் அடித்த நம்பர். ஜெயம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், டிரம்மில் ஒழுகுகிறது என்று பிரின்டரில் சும்மா கிடந்ததை எடுத்து ஒட்டியது தான்தான் என்றாள்.

கம்ப்யூட்டரில் அழித்தார்கள், பிரின்டர் அதற்கு முன்னாலேயே துப்பிவிட்டது என்றார் சம்பத். நீராவி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு பேட்சுக்குப் பெயர் வைக்கிற யாரும் லாரி நம்பரை வைக்கமாட்டார்கள், அதுவும் இரண்டு தரம். அப்புறம் நரசிம்மன் பக்கம் திரும்பினார். அன்றைக்கு மாறியிருந்த வயர் இன்றைக்குச் சரியாக இருக்கிறதென்றால் நடுவில் யாரோ சரி செய்திருக்கிறார்கள். யார் என்று கேட்டார்.

நரசிம்மன் தெரியாது என்றார். தாட்சாயணி மேஜைக்கு அடியில் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். ஸ்விட்ச் பெட்டியின் அடியில் சர்வீஸ் கடை ஒன்றின் ஸ்டிக்கரும் போன் நம்பரும் இருந்தன. அங்கேயே நின்று போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். எடுத்தவர் யோகேஷ், சித்தூர் பஜாரில் கடை. சுற்றி வளைக்கவில்லை. விபத்து நடந்த அன்று மத்தியானம் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று மேனேஜர் கூப்பிட்டார், போய்ப் பார்த்தால் வயர் மாறியிருந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்றார். இதைப்பற்றி யாரிடமும் பேசவேண்டாம் என்று மேனேஜர் சொன்னதால் பேசவில்லை, போலீஸும் என்னைக் கேட்கவில்லை என்றார்.

நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டாளே சார், நான் என்ன செய்வது என்றார். நளினி அவரைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கறையாகப் பேசியபோதும் தெரிந்திருக்கிறது. கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

கார் திருப்பதியை நோக்கிப் போனது. சம்பத்தின் ஆபீஸில் வெங்கடசாமி காத்துக்கொண்டிருந்தார். தாட்சாயணி வண்டியை ஓட்டினாள். மேனேஜரே வயரை மாற்றி வைத்திருப்பார், ஃபிட்டருக்கும் அவருக்கும் ஏதோ தகராறு இருந்திருக்கும், கொலைதான் என்று அவள் பாட்டுக்குக் கதை கட்டிக்கொண்டே வந்தாள். சந்திரகிரி கோட்டை மலை தெரிய ஆரம்பித்த இடத்தில் நளினி பேசினாள்.

"வயர மாத்துனது ஜேபி அண்ணன் சார்."

தாட்சாயணி வண்டியை ஓரங்கட்டினாள்.

மேஜைக்கு அடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது என்றாள் நளினி. அன்று காலை மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்தது. கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போன ஜெயபிரகாஷிடம் சொன்னாள். அவன் உள்ளே வந்து மேஜைக்கு அடியில் படுத்து, கீபோர்டு வயர்களைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினான். சொருகிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். டேங்குக்குள் இறங்கினான்.

"நான் கூப்பிடலன்னா வந்திருக்க மாட்டாரு," என்றாள். "இத சொன்னா தப்பு அவரு மேல போயிடும். அண்ணி இன்னா பண்ணுவாங்க. என் பேர்லயே இருக்கட்டும் சார்."

சம்பத் திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்கே இது எதிர்பாராதது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சம்பந்தமில்லாததுபோல ஒரு கேள்வி கேட்டார். ஜெயபிரகாஷின் மனைவி பிரியங்காவைப் பிணவறை வாசலில் பார்த்தாயே, அவள் உன்னை என்ன திட்டினாள்?

திட்டவில்லை என்றாள் நளினி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"புருஷன பறிகுடுத்தவ. கொன்னது இவதான்னு ஊரே சொல்லுது. எதிர்ல வந்து நிக்கிற. ஒரு வார்த்த திட்டலயா?" சம்பத் சொல்லிக்கொண்டே தாட்சாயணியின் தோளைத் தட்டினார். "ஆபீசுக்கு அப்புறம் போலாம். கொர்லகுண்டாவுக்கு உடு."

பிரியங்கா திருப்பதியில், கொர்லகுண்டாவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தாள். மாம்பழ சீசனில் ஜெயபிரகாஷ் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். கதவைத் திறந்தவள் நளினியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளே வரச்சொல்லிப் பாயை விரித்தாள். தன் ஊர் சத்தியவேடு பக்கம் என்பதால் தமிழிலேயே பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆண் சட்டைகள் ஒரு பக்கம் தனியாக இருந்தன.

நளினி எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அண்ணி, அன்னிக்குக் காலையில வயர அண்ணன்தான், என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்," என்றாள் பிரியங்கா.

டேங்குக்குள் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் போன் செய்திருக்கிறான். நான் இன்றைக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டேன், அந்த நகரிப் பொண்ணுக்கு மவுஸைச் சரி பண்ணிக் கொடுத்தேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு வைத்தான். காரியம் முடிந்த அன்று நரசிம்மன் வந்தபோது இவள் அதைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இது வெளியே தெரிந்தால் தன் சாவுக்குத் தானே காரணம் என்று எழுதிவிடுவார்கள், உனக்கு ஒன்றும் கிடைக்காது என்றார். பேசாமல் இருந்தால் பேக்கிங்கில் நிரந்தர வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டுவிட்டாள், நீ எதற்கு வாயைத் திறக்கவேண்டும் என்றார்.

"அவரு பேரு கெடக்கூடாதுன்னு உன் பேர உட்டுட்டேன்," என்றாள் நளினியைப் பார்த்து. குரலில் ஏற்ற இறக்கம் ஏதுமில்லை. "ஒன்ன பாக்கும்போது வாய் வரல. எப்டி வரும்."

இரண்டு பேரும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திமேல் ஒருத்திக்குக் கோபமில்லை, ஒருத்தியை ஒருத்தி தேற்றவும் தெம்பில்லை. தாட்சாயணி ஜன்னலோரம் போய் நின்றாள்.

சம்பத் தன் செல்போனை எடுத்துப் பளபளக்கும் வால்வின் படத்தைப் பிரியங்காவிடம் நீட்டினார். இது என்ன தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியும். டேங்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் கையால் திருகி மூடுகிற வால்வு. மூடிவிட்டால் மேலே யார் எந்தப் பட்டனை அமுக்கினாலும் நீராவி வராது. பழையது உடைந்துபோய், சீசன் தொடங்கியதிலிருந்தே மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான், சீசன் முடியட்டும் என்றே நரசிம்மன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப புதுசு போட்டாச்சி," என்றார் சம்பத். "அவரு செத்ததுக்கு அப்புறம்."

பிரியங்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வயரை மாற்றிச் சொருகியது ஒரு கைப்பிசகு, அதனால் யாரும் சாகவேண்டியதில்லை என்றார் சம்பத். அந்த வால்வு இருந்திருந்தால் நளினி நாள் முழுக்க என்டர் தட்டியிருந்தாலும் ஜெயபிரகாஷ் சுத்தம் செய்துமுடித்து ஏறி வந்திருப்பான்.

"மேனேஜரு வயர மறைச்சது ஒங்க ஊட்டுக்காரர் பேருக்காக இல்லம்மா. வயர பாத்தவங்க அடுத்தாப்ல டேங்க பாக்க வருவாங்க. பொண்ணு கை தவறிட்டான்னா யாரும் கீழ எறங்கி பாக்க மாட்டாங்க."

பிரியங்கா செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். வெகுநேரம் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு எப்போது போகவேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் காலை சித்தூர் ஸ்டேஷனில் அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். தெலுங்கில், நிறுத்தி நிறுத்தி, போன் வந்ததிலிருந்து நரசிம்மன் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு நளினி சொன்னாள். யோகேஷும் வந்து எழுதிக் கொடுத்தார். சம்பத் தண்ணீர் டிரம்மிலிருந்து உரித்த ஸ்டிக்கரைக் கண்ணாடித் தாளில் வைத்துக் கொடுத்தார். பெண் இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போன் போட்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள். மத்தியானத்துக்குள் நரசிம்மனைக் கூட்டி வந்துவிட்டார்கள். உடைந்த பழைய வால்வு தொழிற்சாலைக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடைத்தது. நளினிமேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிடுவதாகவும், இனி அவள் சாட்சி மட்டும்தான் என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னபோது வெங்கடசாமி கும்பிட்டார். ஊட்டுக்குப் போலாம்மா என்றார். நளினி தலையாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸும் புத்தூர் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சம்பத்துக்குச் சித்தூரில் இன்னும் வேலை இருந்தது. தாட்சாயணி எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தாள். நளினியின் கையில் கொடுக்கும்போது தோளை அழுத்திவிட்டுப் போனாள்.

பிரியங்கா திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் நளினியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மேஜைக்கடியிலேந்து வெளிய வந்தாரே, அப்ப எப்டி இருந்தாரு?"

நளினி யோசித்தாள். "தலையெல்லாம் தூசி அண்ணி. மீசையில ஒட்டடை. நான் சிரிச்சிட்டேன். அவரும் சிரிச்சாரு."

பிரியங்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோலப் பார்த்தாள். பிறகு போன் நம்பரைக் கேட்டாள். எதற்கு என்று நளினி கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"அவர பத்தி பேசணும்னா ஆள் வேணும். ஊட்ல எல்லாரும் சாவ பத்தியேதான் பேசறாங்க."

நளினி நம்பரைச் சொன்னாள். பஸ் நகர்ந்து, வளைந்து, கேட்டைத் தாண்டியது. நளினியின் கையிலிருந்த செல்போன் ஒரு தரம் அடித்து நின்றது. அந்த நம்பரைச் சேர்த்துக்கொள்ள, பிரியங்கா அண்ணி என்று அடிக்க ஆரம்பித்தாள். எழுத்து விழவில்லை. திரையில் ஈரம் சொட்டியிருந்தது. எங்கிருந்து என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தாள், வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வெங்கடசாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், புத்தூர் பஸ்ஸின் கண்டக்டரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லப் போனார். நளினி செல்போனைத் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடியும் நனைந்தது. மறுபடியும் துடைத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.